முன்னால் குனியும் வண்டி

பிரேக் பிடித்தால் என் பைக் தலை குனியும். எல்லாப் பைக்கும் கொஞ்சம் குனியத்தான் செய்யும். இது மண்ணில் விழுந்த மூக்குத்தியைத் தேடுகிற அளவுக்குக் குனியும். வாங்கிய முதல் ஒரு மாதம் அதை நான் குறையாக நினைக்கவேயில்லை. மண் ரோட்டில் மெத்தையில் போவதுபோல இருக்கிறது என்று கணவரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

நான் கால்நடை மருத்துவர். வீடு ஓசூரில், வேலை அஞ்செட்டிப் பக்கம் ஒரு மருந்தகத்தில். தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டு வளைவுகளில் இறங்கித் தினமும் போய்வருவேன். முதலில் ஸ்கூட்டர்தான் வைத்திருந்தேன். மலைக்கிராமத்துப் பாதைகளில் சரளைக்கல்லைக் கண்டாலே அது நின்று யோசிக்கும். அதனால் பெங்களூரில் ஒரு கணினி வேலைக்காரரிடமிருந்து தார் ரோட்டிலும் ஓடுகிற, காட்டுப்பாதையிலும் ஓடுகிற சின்ன பைக் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். உயரமான வண்டி. நானும் உயரம் என்பதால் கால் எட்டியது. ஒல்லியாக இருந்த அந்த மனிதர் சாவியைக் கொடுக்கும்போது, "ரொம்ப சாஃப்டான வண்டி மேடம்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நாட்றாம்பாளையத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் கோமாரித் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பிய ஒரு மத்தியானம் அது வேறு மாதிரி தெரிந்தது. இறக்கத்தில் ஒரு திருப்பம். திருப்பத்துக்கு அந்தப் பக்கம், காலையில் போகும்போது இல்லாத ஒரு வேகத்தடை. வெள்ளைக்கோடு இல்லை, பலகையும் இல்லை. சட்டென்று முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி குனிந்தது. குனிந்துகொண்டே இருந்தது. இதற்குமேல் குனிய இடமில்லை என்ற நிலையில் வேகத்தடையில் ஏறியது. 'டமார்' என்று ஒரு சத்தம். அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம் கேழ்வரகுப் பயிர்தான், மிக அருகில்.

அடி பெரிதாக இல்லை. முகவாயில் சிராய்ப்பு, முழங்கையில் மண். அந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரர்களான கணவனும் மனைவியும் களை எடுப்பதை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். இருவரையும் எனக்குத் தெரியும். அவர்களுடைய இரண்டு பசுக்களுக்கு அன்று காலைதான் ஊசி போட்டிருந்தேன். அந்த அம்மா என்னைத் தூக்கி உட்காரவைத்தார். அவர் வீட்டுக்காரர் நேராகத் தடுப்பூசிப் பெட்டியிடம் போய்த் திறந்து பார்த்தார்.

"மருந்து ஒண்ணும் ஆவல டாக்டரம்மா. ஐஸ் கூட அப்டியே கீது."

"எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

"நீங்க பேசிகினுதான இருக்கீங்க" என்றவர், வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்து இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். அது ஒவ்வொரு தரமும் தரை வரைக்கும் போய் மெதுவாக எழுந்தது. "இதுக்கு முன்னங்கால்ல பலமே இல்லியே. மாடு இப்டி நின்னா சந்தையில ஓட்டியாந்தவங்கிட்டயே திருப்பி வுட்ருவோம். நீங்க டாக்டரு, இன்னான்னு பாத்து வாங்குனீங்க?"

மனைவி அவரை முறைத்தார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் தண்ணீரைக் குடித்துக்கொண்டே என் வண்டியின் முன்னங்கால்களை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தேன்.

முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு குழாய்கள் நிற்குமே, அதைத்தான் ஃபோர்க் என்பார்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கைநீளத்துக்கு ஒரு ஸ்ப்ரிங், கொஞ்சம் எண்ணெய். பாரத்தைத் தாங்குவது ஸ்ப்ரிங்கின் வேலை. அது துள்ளாமல் மெதுவாக ஏறி இறங்கப் பார்த்துக்கொள்வது எண்ணெயின் வேலை. இவ்வளவையும் அன்று மாலை ஓசூர் மெக்கானிக்தான் சொன்னார். அவரும் கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். அன்றைக்கு வண்டியைப் பார்த்தவர்கள் எல்லாருமே அழுத்திப் பார்த்தார்கள்.

"இந்த வண்டியோட அமைப்பே அப்டித்தான் மேடம். எண்ணெய் கொஞ்சம் கெட்டியா ஊத்தித் தர்றேன். வித்தியாசம் தெரியும்" என்றார். பிறகு என்னை நேராகப் பார்க்காமல், "இதுக்கு முன்னாடி ஓட்டினவர் மெலிசான ஆளோ?" என்று கேட்டார்.

நான் மெலிசான ஆள் இல்லை. அதை அவர் சொன்ன விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

கெட்டி எண்ணெய் ஊற்றியதில் வித்தியாசம் தெரிந்தது. முன்பு சட்டென்று குனிந்த வண்டி இப்போது நிதானமாகக் குனிந்தது. ஆனால் குனியும் தூரம் குறையவில்லை.

இந்த இடத்தில் என் கணவர் உள்ளே வருகிறார். ஊத்தங்கரைக்காரர். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். வீட்டில் மின்விசிறியின் வேகம் குறைந்தால்கூட எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுவார். ஆனால் ஸ்ப்ரிங் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "சுருள்வில் பாடம் வருஷா வருஷம் நடத்துறேன். இத நான் பாத்துக்கறேன்" என்றார். இரண்டு நாள் செல்போனில் யார் யாரோ எந்தெந்த மொழியிலோ ஃபோர்க் கழற்றும் வீடியோக்களைப் பார்த்தார். பிறகு முடிவைச் சொன்னார்.

"ஸ்ப்ரிங்குக்கு மேல ஒரு துண்டுக் குழாய வெச்சு மூடியப் போட்டு அழுத்திட்டா, ஸ்ப்ரிங் முன்கூட்டியே சுருங்கி இருக்கும். அப்போ விறைப்பா ஆயிடும். ரொம்ப சுலபம்."

அதற்கு முன் அளவெடுக்க வேண்டுமாம். சக்கரம் தரையில் படாதபோது ஃபோர்க் எவ்வளவு நீளம், நான் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவர் வண்டியைப் பிடிக்க, ஒருவர் உட்கார, ஒருவர் அளக்க வேண்டும். நாங்கள் இருவர்தான். கீழ்வீட்டில் ரவிக்கை தைக்கும் அக்காவைக் கூப்பிட்டோம். அவர் டேப்போடு வந்தார். வீட்டில் தெலுங்கு, கடைக்காரர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். டேப்பைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் எந்த மொழியானாலும் அங்குலம்தான்.

நான் தலைக்கவசம், ஜாக்கெட், பை எல்லாம் போட்டுக்கொண்டு பார்க்கிங்கில் வண்டிமேல் உட்கார்ந்தேன். கணவர் பின்னாலிருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார். அக்கா தரையில் குந்தி டேப்பை வைத்தார்.

"மூணரை இறங்கிச்சு."

"சென்டிமீட்டர்ல சொல்லுங்கக்கா."

"நீங்க வாத்தியாரு, நீங்களே மாத்திக்கோங்க. உக்காந்த உடனே மூணரை இஞ்சு. மேடம் மூச்சு விட்டா இன்னும் ஒரு நூலு."

நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்தேன். மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், பள்ளம் மேடு எதுவும் வருவதற்கு முன்பே, நான் உட்கார்ந்ததிலேயே ஃபோர்க்கின் பாதித் தூரம் தீர்ந்துபோயிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டுமாம். மீதிப் பாதியில்தான் நான் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

துண்டுக் குழாய்க்காக ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பைப் கடைக்குப் போனோம். கடை பாய் எங்களைப் பார்த்ததும், "தண்ணி லைனா, கரண்டு லைனா?" என்றார்.

"பைக்குக்கு" என்றார் கணவர்.

பாய் கணக்கெழுதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். எதிர்பார்த்தபடி கைப்பிடியை அழுத்தினார். கணவர் விளக்கியதை முழுக்கக் கேட்டபின், அவர் கடை அடுக்கிலிருந்து எடுத்திருந்த சாம்பல் நிறக் குழாயை வாங்கித் திரும்ப அடுக்கில் வைத்தார்.

"இது ஒயர் போற பைப்பு சார். ஒரே மாசத்துல நசுங்கிடும். மோட்டார்ல இருந்து டேங்குக்குத் தண்ணி ஏத்தறாங்கல்ல, அந்த கெட்டி பைப்பு எடுத்துக்கோங்க. அளவு சொல்லுங்க, நானே நேரா அறுத்துத் தர்றேன். கோணலா இருந்தா ஒரு பக்கமா தள்ளும்."

அவரே அறுத்து, முனைகளை உப்புத்தாளில் தேய்த்து, இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் சரியாக இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக் கொடுத்தார். அந்த இரண்டு துண்டுகளிலும் குறை சொல்ல முடியாது. குறை அளவில்தான். கணவர் தாராளமாக ஐந்து சென்டிமீட்டர் வைத்திருந்தார். "கொஞ்சம் அதிகமாவே இருக்கட்டும்" என்ற மனநிலையில் சாம்பாருக்கு உப்பு மட்டுமல்ல, எதையுமே போடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை முன் சக்கரத்தைத் தூக்கி, வண்டியின் அடியில் மரக்கட்டை கொடுத்து, ஃபோர்க்கின் மூடியைத் திறந்தோம். பழைய மூடி கழன்ற வேகத்தில் கணவரின் மூக்குக்கண்ணாடியை உரசிக்கொண்டு பார்க்கிங் கூரையில் மோதி எங்கோ விழுந்தது. கால் மணி நேரம் தேடினோம். தையல் அக்காவின் செம்பருத்தித் தொட்டியில் கிடைத்தது. குழாயை உள்ளே வைத்து மூடியைத் திரும்பப் போடுவதற்குள் இருவர் கையும் கன்றிவிட்டன. அவர் முழு உடம்பையும் மூடிமேல் சாய்த்து அழுத்த, நான் ஸ்பேனரைச் சுற்றினேன்.

வண்டி நிமிர்ந்தது. ரொம்பவே நிமிர்ந்தது. முன்னால் தூக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்து நின்றது. ஏறி உட்கார்ந்தால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது. "பாத்தியா, இறங்கவே இல்ல" என்றார் கணவர், பெருமையாக.

மறுநாள் மருந்தக வாசலில், ஆடு மாடுகளோடு காத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர் முன்னிலையில், வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினேன். கால் கிடைக்கவில்லை. வண்டியோடு பக்கவாட்டில் மெதுவாக, யாராவது ஓடிவந்து பிடிக்கத் தாராளமாக நேரம் கொடுத்து, சாய்ந்தேன். யாரும் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளாடு மட்டும் ஒதுங்கிக்கொண்டது.

விழுந்ததுகூடப் பரவாயில்லை. அந்த வாரம் முழுவதும் ஓட்டிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. சின்னக் கல்லில் ஏறினால் வண்டி விறைப்பாக மணிக்கட்டை உலுக்கியது. பெரிய பள்ளத்தில் இறங்கினால் பழைய 'டமார்' அப்படியே இருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் உலோகச் சத்தத்தோடு. பள்ளத்தைவிட்டு மேலே வரும்போது 'டொக்' என்று புதிதாக ஒரு சத்தம் வேறு. சினை பிடித்திருக்கிறதா என்று மாட்டுக்குள் கையைவிட்டுப் பார்க்கிறவளுக்கு விரல் நுனிதான் கண். மதியம் வரை அந்த நுனிகள் மரத்துக் கிடந்தால் நான் என்ன வேலை பார்ப்பது?

வீட்டில் சொன்னேன். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கணக்கு சரியா இருக்கு" என்றார்.

"கணக்கு சரியா இருக்கலாம்ங்க. கை வலிக்குதே."

அவர் கணக்குப் போட்ட தாளை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்கயோ ஒண்ணு விட்டுட்டேன்" என்றார். இருபது வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதிகமில்லை.

வழி வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. கேழ்வரகுக் கொல்லை அம்மாவின் பசுவுக்கு மடிவீக்கம் என்று அழைப்பு. போனேன். மருந்து ஏற்றிவிட்டுக் கையைக் கழுவும்போது, விரல்களை நான் மடக்கி மடக்கி நீட்டுவதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"ஸ்ப்ரிங்குங்களா?" என்றார். "எம் பொண்ணு ஓசூர்ல ஸ்ப்ரிங்கு கம்பெனியிலதான் வேல செய்றா. எட்டு வருஷம் ஆவுது. இன்னா பண்றன்னு கேட்டா, ஸ்ப்ரிங்கு மேல பாரம் வெச்சுப் பாக்கறேம்மாங்கறா. அதுக்குப் போயி சம்பளம் குடுப்பாங்களான்னு இவரு கேப்பாரு." மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதியிருந்த எண்ணைக் காட்டினார். "அவகிட்ட பேசுங்க."

பேசினேன். "ஸ்ப்ரிங்கக் கழட்டி எடுத்துட்டு வாங்க மேடம். வண்டி வேணாம். சனிக்கிழம ஷிஃப்ட் முடியற நேரத்துக்கு வாங்க, மெஷின் சும்மா இருக்கும்" என்றார் அந்தப் பெண். குரலில் ஒரு சுறுசுறுப்பு.

தொழிற்பேட்டையின் உள்தெருவில், பெயர்ப்பலகை வெளுத்துப்போன சின்ன ஆலை அது. வாசலில் ஒரு கிழட்டு நாய் படுத்துக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. உள்ளே கம்பி வளையங்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நீலக்கோட்டு போட்ட, முப்பது வயது மதிக்கத்தக்க பெண் வந்து எங்களை ஒரு மேசைக்குக் கூட்டிப்போனார். அம்மாவின் அதே நேர்பார்வை. துணியில் சுற்றி எடுத்துப்போன ஸ்ப்ரிங்குகளை வாங்கி, ஒன்றைத் தரையில் உருட்டிப் பார்த்தார். கம்பியின் தடிமனைக் காலிப்பரில் அளந்தார். சுருள்களை எண்ணினார். இது ஒரு மருத்துவர் முதல் பார்வையில் செய்கிற வேலைதான். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"இவ்ளோ நீளமா இருந்தா அழுத்தறப்ப வில்லு மாதிரி வளைஞ்சுரும்" என்று சொல்லி ஸ்ப்ரிங்குக்கு நடுவில் ஒரு கம்பியைச் செருகினார். அதை நிமிர்த்தி மெஷினில் வைத்து, ஒரு சக்கரத்தைச் சுற்றினார். மேல்தட்டு மெல்ல இறங்கி ஸ்ப்ரிங்கை அழுத்தியது. பக்கத்துத் திரையில் பாரம் ஓடியது. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நிறுத்தி ஒரு தாளில் எழுதினார்.

என் கணவர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். பாரம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் கூடிக்கொண்டு போனது. முதல் சென்டிமீட்டருக்கு எவ்வளவோ, பத்தாவதுக்கும் அவ்வளவே.

"குழாய் எவ்ளோ வெச்சீங்க சார்?"

"அஞ்சு சென்டிமீட்டர்."

அந்தப் பெண் மேலும் சுற்றினார். குறிப்பிட்ட ஓர் இடத்தில் மெஷின் முனகியது. "இங்க பாருங்க. சுருளோட சுருள் ஒட்டிக்கிச்சு. இதுக்கு மேல இது ஸ்ப்ரிங்கு இல்ல, இரும்புக் கட்ட. நீங்க அஞ்சு சென்டிமீட்டர் முன்னாடியே அமுக்கி வெச்சுட்டதால பள்ளத்துல சீக்கிரமே இங்க வந்து நிக்குது. அதான் மேடம் சொல்ற டமார்."

"ஆனா விறைப்பு கூடணுமே" என்றார் கணவர்.

"குழா வெச்சா ஆரம்பிக்கிற எடம்தான் சார் மாறும். ஒரு சென்டிமீட்டருக்கு எவ்ளோ பாரம் வாங்குதுங்கறது மாறாதுல்ல. அது கம்பி தடிமன்லயும் சுருள் எண்ணிக்கையிலயும் இருக்குது. குழால இல்ல."

கணவர் தாளைக் கையில் வாங்கினார். பார்த்தார். பிறகு நெற்றியில் ஓர் அடி அடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்தில் பக்கத்து மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மாறிலி" என்றார் என்னிடம், குற்றத்தை ஒத்துக்கொள்பவர்போல. "அது பேரே மாறிலி. போர்டுல எழுதிக் கீழ கோடு போட்டு நடத்துறேன். மாறாததுனாலதான் மாறிலின்னு நானே சொல்றேன்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இதவிட விறைப்பா வேற ஸ்ப்ரிங்குதான் சுத்தணும். மேடம், உங்க வெயிட்டு?"

"எழுபது" என்றேன்.

அவர் பேனாவை எடுக்கவில்லை. "சரியாச் சொல்லுங்க மேடம். குறைச்சுச் சொன்னா மறுபடியும் ரெண்டு சுத்தணும்."

"எழுபத்தெட்டு. தடுப்பூசிப் பெட்டி, பையெல்லாம் சேத்து இன்னொரு பன்னெண்டு."

கணவர் மிகுந்த அக்கறையோடு சுவரில் இருந்த பாதுகாப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

புதிய ஸ்ப்ரிங் சுற்ற வேண்டும் என்றால் முதலாளி சம்மதிக்க வேண்டும். அவர் கண்ணாடி அறையிலிருந்து வந்து கேட்டார், முடியாது என்று தலையை ஆட்டினார். "ரெண்டே ரெண்டு பீஸா? எங்களுக்கு ஒரு செட்டிங் மாத்தினா பத்தாயிரம் அடிச்சாத்தான் கட்டுப்படி ஆகும்மா. மன்னிச்சுக்கோங்க." மரியாதையாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. நாங்கள் ஸ்ப்ரிங்குகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம்.

வாசலில் நாய் இன்னும் சொறிந்துகொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. உட்கார்ந்து காதைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே முழுக்கச் சீழும் உண்ணியும். பையிலிருந்ததை எடுத்துச் சுத்தம் செய்து மருந்து விட்டேன். அது முதலில் உறுமியது, பிறகு என் முழங்கால்மேல் தலையை வைத்துக்கொண்டது. நிமிர்ந்தபோது முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண்.

"மூணு மாசமா இப்டியே பண்ணுது. தூக்கிட்டுப் போலாம்னா கடிக்க வருது" என்றார் அவர்.

"இனிமே கடிக்காது. ஒரு வாரம் இந்த மருந்த விடுங்க."

அந்தப் பெண் அந்த நேரம் பார்த்துப் பேசினார். "சார், புதன்கிழம அந்தப் பெரிய கம்பி ஜாப்பு ஆரம்பிக்கறோம். செட் பண்றப்ப மொத பத்துப் பதினஞ்சு பீஸ் எப்டியும் ஸ்கிராப்தான் போவும். அதுல ரெண்ட இவங்க நீளத்துக்கு ஓட்டச் சொல்லி செட்டரண்ணங்கிட்ட கேக்கட்டுமா? கம்பி தடிமன் சரியா இருக்கும். நான் பாத்துட்டேன்."

அவர் பார்த்துவிட்டாராம். எங்களோடு பேசிக்கொண்டிருந்தபோதே அடுத்த வாரக் கம்பியைப் பற்றி யோசித்திருக்கிறார்.

முதலாளி நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஸ்கிராப்புன்னா எடுத்துக்கோங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை ஸ்ப்ரிங்குகள் கிடைத்தன. சூளையில் வாட்டி எடுத்ததால் வெளிர் பழுப்பு நிறம். முனைகளைத் தட்டையாகத் தேய்த்து, இரண்டையும் மெஷினில் வைத்துப் பார்த்து, வந்த பாரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கட்டியிருந்தார் அந்தப் பெண். பழைய ஸ்ப்ரிங்கைவிட நாலில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு. நீளம் கொஞ்சம் குறைவு. அதைச் சரிக்கட்டப் பழைய பைப்பிலிருந்து இரண்டு விரற்கடை அளவு துண்டு போதும் என்றார். கணவர் உடனே ஸ்கேலை எடுத்தார். "நீங்க அளங்க சார், ஆனா நான் எழுதிக் குடுத்த அளவ அளங்க" என்றார் அந்தப் பெண்.

இந்த முறை மூடியைத் திறக்கும்போது அதன்மேல் கந்தல் துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டோம். தையல் அக்கா கூப்பிடாமலே டேப்போடு வந்துவிட்டார். நான் ஏறி உட்கார்ந்து, இந்தத் தடவை மூச்சைத் தாராளமாக விட்டேன்.

"ரெண்டு இஞ்சு" என்றார் அக்கா. "இப்போ நல்லாக் கீது. முன்னாடி வண்டிக்கு ரவிக்க லூசா இருந்த மாதிரி இருந்துச்சு."

கட்டைவிரலோடு பாதத்தின் பாதியும் தரையில் பட்டது. கணவர் பழைய ஸ்ப்ரிங்குகளைத் துடைத்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்விட்டார். அவற்றின்மேல் செங்கல்லை அடுக்கி, பிள்ளைகளை அளக்கச் சொல்கிறாராம். தான் செய்த தவறையும் வகுப்பில் சொன்னாராம். அன்றைக்குப் பாடம் ரொம்ப நன்றாகப் போனது என்றார்.

திங்கட்கிழமை மலைப்பாதையில் இறங்கினேன். முதல் வளைவில் பிரேக்கைப் பிடித்தபோது பழக்கத்தில் கைகளை இறுக்கிக்கொண்டு, விழப்போகிறவள்போல உடம்பைப் பின்னால் தள்ளினேன். வண்டி கொஞ்சம் இறங்கியது, நின்றது, வளைந்தது. அவ்வளவுதான். பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மூன்றாவது வளைவில் தோள்கள் தானாக இறங்கின. சரளையில் சக்கரம் எங்கே போகிறது என்று கையில் தெரிந்தது. கற்கள் இருந்தன, பள்ளங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் வந்து தன்னைச் சொல்லிவிட்டுப் போனது. வேகத்தடைகளைத் தேடி ஏறவேண்டும்போல இருந்தது. இரண்டு மூன்றைத் தேடியும் ஏறினேன்.

மடிவீக்கப் பசுவைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. கேழ்வரகுக் கொல்லைக்குப் போனேன். அந்த அம்மா மட்டும் இருந்தார். பசு நன்றாகத் தேறியிருந்தது. வண்டியைக் காட்டி, "இதுல இருக்கற ஸ்ப்ரிங்கு உங்க பொண்ணு செஞ்சு குடுத்ததும்மா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "எங்க கீது?"

"உள்ள. இந்தக் குழாய்க்குள்ள."

அவர் குழாயைச் சுற்றிவந்து பார்த்தார். பார்ப்பதற்கு எதுவும் இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து அழுத்தினார். அது கொஞ்சம் இறங்கி, அவர் கையைத் திருப்பித் தள்ளியது. இன்னொரு தரம் அழுத்தினார், இந்த முறை முழு பலத்தோடு. மறுபடியும் தள்ளியது.

"எட்டு வருஷமா அவ இன்னா பண்றான்னே தெரியாது எனக்கு" என்றார். "அங்க செய்யறது எல்லாம் எங்கியோ வெளியூரு வண்டிக்குள்ள போயிடுதாம். ஒண்ணக்கூடக் கண்ணுல பாத்ததில்ல." மூன்றாவது முறை மெதுவாக அழுத்தினார். அழுத்தியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கையை எடுத்ததும் வண்டி நிமிர்ந்தது. "நல்லா கெட்டியாத்தான் பண்ணிக்கீறா" என்றார்.

பிறகு ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிறார்களாம், அதுவரைக்கும் ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். பைக்கில் போனதில்லையா என்றேன். "இவரு வண்டியில போயிருக்கறன். எம் பொண்ணு வண்டியில போனதில்ல" என்றார்.

தடுப்பூசிப் பெட்டியை முன்னால் மாற்றிக் கட்டினேன். அவர் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தார். ஏரிக்கரைப் பாதை குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குழியிலும் அவர், "தாங்கிச்சு பாருங்க, தாங்கிச்சு பாருங்க" என்று என் காதுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே தலையில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண் ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"ரேஷனுக்கு!" என்று அவர் கத்தினார். "சர்க்கர போடறாங்களாம், சீக்கிரம் வா!"